ஏலக்காய்த் தட்டில் ஓர் இசைத்தட்டு

நம் வயதுக்காரர்களைப் பற்றி இளசுகளுக்கு ஒரு முடிவான எண்ணம் இருக்கிறது. நமக்குப் பிடித்த பாட்டு என்றால் அது கறுப்பு வெள்ளைப் படத்தில், ஏதோ ஒரு மரத்தடியில், கண்ணைத் துடைத்துக்கொண்டே யாரோ பாடியதாகத்தான் இருக்க வேண்டும். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் தம்பி மகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது, சொல்லுங்க, போடுறேன்" என்றான். சொன்னேன். பந்தியில் பாயசத்துக்குப் பதிலாக யாரோ பிராந்தியை ஊற்றிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

அது ஒரு வெள்ளைக்காரப் பாட்டு. நீளமுடிக்காரர்கள் நாலைந்து பேர் கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு பாடியது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், உங்களில் தெரிந்தவர்கள் 'இதுதானா, இது ஊருக்கே பிடிச்ச பாட்டாச்சே' என்று உதட்டைப் பிதுக்குவீர்கள். தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளை விட்டுத் தேடிக் கேட்டுவிட்டு, 'இதுக்கா இவ்வளவு எழுதினா' என்பீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். அதோடு, நீங்கள் தேடிக் கேட்கும் பாட்டும் எனக்குத் தெரிந்த பாட்டும் ஒன்றல்ல. எனக்குத் தெரிந்ததில் ஓர் அலை உண்டு. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நான் ஐந்தாம் வகுப்பில் கால் வைத்திருந்தேன். போடியில் எங்கள் வீட்டில் தம்பிக்கு அம்மை போட்டுவிட்டது. நிலையில் வேப்பிலை செருகினார்கள். எனக்கும் வந்துவிடக் கூடாது என்று அப்பா என்னை மலைக்கு, எங்கள் ஏலத்தோட்டத்தில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு, அனுப்பி வைத்தார். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று தெரிந்ததும் தம்பிமேல் எனக்கு அப்படியொரு பாசம் பொங்கியது.

ஜீப்பில் ஏறும் முன் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள். அந்த வீட்டில் அப்பா எடுக்கும் முடிவுகளை எல்லாம் முந்தின நாளே எடுத்து வைத்திருப்பவள். என் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அங்க போயி ஒஞ்சித்தப்பன் அந்த இங்கிலீசுத் தட்டக் கேப்பான்ல, அப்ப மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்து வச்சுக்க. வந்து எங்கிட்டச் சொல்லணும்."

"எதுக்கு அத்த?"

"ஒருத்தன் ஒரே பாட்டத் தெனமும் கேக்குறான்னா அதுக்குப் பின்னால ஒருத்தி இருக்காள்னு அர்த்தம். மெட்ராசுல படிக்கறப்ப எவளோ குடுத்திருக்கா. என்னைக்காச்சும் ஒரு நா இவன் பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிருவான். இவனக் கட்டிக்கிட்டு வந்த அந்தச் சிலமலைப் புள்ள கண்ணக் கசக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போவா. பாத்துக்கிட்டே இரு."

இப்படி ஒரு ஒற்றர் வேலையோடு நான் மலையேறினேன். காலடியில் மண்ணெண்ணெய் டின், மடியில் கருவாட்டுப் பொட்டலம். அடிவாரத்து முந்தல் தாண்டி ஜீப்பு வளைவுகளில் முக்கத் தொடங்கியதும் காது அடைத்தது. போடியில் முதுகோடு ஒட்டிக்கிடந்த சட்டை, மலை உச்சி மெட்டுக்கு வந்ததும் ஐஸ் வைத்தது போலக் குளிர்ந்தது. முன்னால் ரோடு இல்லை. வெறும் வெள்ளை. "மஞ்சு எறங்கிருச்சு" என்று டிரைவர் விளக்கைப் போட்டார். மலைக்காரர்களுக்குப் பனிமூட்டம் எப்போதும் மஞ்சுதான். மலையாளத்து வார்த்தை. நானும் அன்றே அதைப் பிடித்துக்கொண்டேன்.

தோட்டத்து வீட்டுக்குப் பங்களா என்று பேர். தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு அடுப்படி. மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அந்த வீட்டில் அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் சித்தப்பாவும் சித்தியும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள்.

சண்டை இல்லை. தை மாதம் கல்யாணம் ஆகி வைகாசியில்தான் சித்தி மலைக்கு வந்திருந்தாள். இன்னொருவர் இருக்கும்போது புருஷனிடம் நேராகப் பேசுவது அவள் பிறந்த வீட்டு வழக்கமில்லை. அதுவரை எப்படிச் சமாளித்தார்களோ தெரியாது. நான் போனதும் இரண்டு பேருக்கும் ஒரு தபால்காரி கிடைத்துவிட்டாள். சித்தப்பா நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பார். சித்தி என்னைப் பார்த்து, "ஒஞ்சித்தப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் கொழம்பு வேணுமான்னு கேளு, ஆத்தா" என்பாள். நான் வாயைத் திறக்கும் முன் சித்தப்பா என்னைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பார். குழம்பு ஊற்ற இவ்வளவு பாடா என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

சித்தப்பா சட்டைக் காலர் வரைக்கும் முடி வளர்த்திருந்தார். மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். படிப்பு முடிந்ததும் அப்பா கூப்பிட்டார், மலையைப் பார்த்துக்கொள் என்றார், பார்த்துக்கொண்டார். கல்யாணம் பண்ணிக்கொள் என்றார், பண்ணிக்கொண்டார். அப்பா முன்னால் அவர் எதற்கும் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. காலையில் அட்டைக் கடிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். பொழுது சாயும் நேரம் வந்து, காலைக் கழுவி, அந்தப் பெட்டியைத் திறப்பார்.

பச்சை ரெக்ஸின் ஒட்டிய சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். திறந்தால் உள்ளே தட்டு சுற்றும் மேசையும் ஊசிக் கையும். மலையில் அப்போது கரண்டு கிடையாது. டார்ச் விளக்குக்குப் போடும் பெரிய பேட்டரிக் கட்டைகளை வயிற்றில் அடைத்து ஓட்ட வேண்டும். கட்டை தீர்ந்துகொண்டு வந்தால் பாடுகிறவருக்குத் தூக்கம் வந்துவிடும். புதுக் கட்டை வாங்கப் போடிக்குத்தான் போக வேண்டும். அதனால் சித்தப்பா ஒரு தந்திரம் வைத்திருந்தார். மெலிந்த கட்டைகளைக் காலையில் ஸ்டோரில் சூட்டுக் குழாயின் மேல் அடுக்கி வைப்பார். சாயங்காலம் எடுத்துப் போட்டால் அவை இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.

ஸ்டோர் என்றால் பலசரக்குச் சாமான் வைக்கும் இடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் என்பது பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு. அடுப்பின் சூடு தகரக் குழாய்கள் வழியாக உள்ளே தரையில் வளைந்து வளைந்து ஓடும். அதற்கு மேலே கம்பி வலைத் தட்டுகள் அடுக்கடுக்காக. தட்டில் காயைப் பரப்பிக் கதவைச் சாத்தினால், பச்சையாக, மணம் அமுங்கிக் கிடந்த காய் மறுநாள் உலர்ந்து, இறுகி, ஊரைக் கூட்டும் வாசத்தோடு வெளியே வரும். காயாத காய்க்குப் போடியில் விலை கிடையாது.

ஆனால் மழைக்காலத்தில் அந்த ஸ்டோருக்குக் காய் உலர்த்துவது பாதி வேலைதான். மலை மழை துணியைக் காயவிடாது, தீப்பெட்டியைப் பற்றவிடாது, உப்பைத் தண்ணீராக்கிவிடும். எனவே காய் இல்லாத நாளிலும் அங்கே அடுப்பு எரியும், தோட்டத்தில் எது நமத்தாலும் ஸ்டோருக்குப் போகும். போர்வை, மிளகாய் வற்றல், அப்பளம், என் கணக்குப் புத்தகம், வேலையாட்களின் செருப்பு, பிள்ளைகளின் அரைஞாண் கயிறு எல்லாம் காயோடு காயாக ஒரு ஓரத்தில் கிடக்கும். தோட்டத்தில் எல்லார் மேலும் ஏலக்காய் வாசம் அடித்தது அதனால்தான். சித்தியின் கூரைப்புடவை கூட அங்கே ஒரு தடவை போய் வந்திருந்தது.

வெயிலில் பிறந்து வளர்ந்தவள் சித்தி. சிலமலையில் அவர்களுக்குச் சோளமும் பருத்தியும் விளையும் காடு. அங்கே எதையும் காய வைக்க ஒரு கட்டடம் கட்ட வேண்டியதில்லை, தரையில் போட்டாலே போதும். மலைக்கு வந்த புதிதில் இந்த ஈரத்தைப் பார்த்து அழுதே விட்டாளாம். பிறகு ஸ்டோரைக் கண்டுபிடித்தாள். அதற்குப் பின் அந்த வீட்டில் ஈரம் என்ற பேச்சே இல்லை. எதைத் தொட்டுப் பார்த்தாலும், "கொண்டா, ஸ்டோர்ல வச்சிருவோம்" என்பாள். அவளுக்கு அந்த மலையில் பிடித்த ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன்.

முதலில் கிதார் மட்டும். அதுவும் அவசரமே இல்லாமல், தகரத்தில் மழை தொடங்குமே, அங்கொன்றும் இங்கொன்றுமாக, அப்படித்தான். பிறகு ஒருவர் பாட ஆரம்பிப்பார். நமக்காகப் பாடுவது போல இருக்காது, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருக்கும். அப்புறம் இன்னொரு குரல் வந்து பக்கத்தில் உட்காரும். பாதிப் பாட்டு வரைக்கும் டிரம்ஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார். அவ்வளவு பெரிய டிரம்ஸை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிப் பொறுமையாக இருந்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். ஒரு இடத்தில் எல்லாம் நின்றுபோகும். மூச்சு விடுகிற நேரம். அதற்குப் பிறகு அவர் அடிப்பார் பாருங்கள், நான் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளுவேன். கடைசியில் திரும்பவும் அந்த ஒற்றைக் குரல், முதலில் பாடிய வரியையே பாடிவிட்டு, பாதியில் விட்டுப் போய்விடும்.

எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நான் ஏ, பி, சி, டி படித்துக்கொண்டிருந்த காலம். ஆனாலும் அந்தப் பாட்டில் யாரோ எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. ஒருநாள் கேட்டேன்.

"என்ன சொல்றாரு சித்தப்பா?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "வீட்டுக்குப் போகணும்ங்கிறான். ஆனா வீடு எங்க இருக்குன்னு தெரியலங்கிறான்."

அடுப்படியிலிருந்து சித்தி குரல் வந்தது. "யார்கிட்டயாச்சும் கேக்க வேண்டியதுதான? வாயில்லையாமா அவருக்கு? கேளு, ஆத்தா."

நான் கேட்டேன். சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. சிரித்தாரோ என்னவோ.

அத்தைக்காக அவர் முகத்தையும் கவனித்தேன். பாட்டுக் கேட்கும்போது அவர் முகம் மூக்கடைத்த ஆள் முகம் மாதிரி இருந்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று எனக்குத் தெரியவில்லை. சித்தியோ ஒருநாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பெட்டி திறக்கும் நேரம் அவளுக்கு அடுப்படியில் பாத்திரம் கழுவும் நேரம். அந்தத் தட்டு இருக்கும் பக்கமே அவள் திரும்பமாட்டாள். அத்தை சொன்னது சரிதானோ, சித்திக்கு இந்தப் பாட்டைப் பிடிக்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் சித்தப்பா தட்டை உறையிலிருந்து உருவியபோது கறுப்பு மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூசணம். சட்டை நுனியால் துடைத்தார். மறுநாள் திரும்பவும் வந்துவிட்டது. பாட்டுக்குள் பொரி பொரிகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சமாக, பிறகு பாடுகிறவர் குரலையே மூடும் அளவுக்கு. ஒரு சாயங்காலம் சித்தப்பா பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மழை விடுறதுக்குள்ள இது போயிரும்" என்றார். என்னிடம் சொன்னார். ஆனால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அந்த வாரம் முதல் காய் எடுப்பு. முதல் எடுப்புக் காய் ஸ்டோருக்கு ஏறியதும் குடும்பத்தோடு மலைக்கு வந்து தோட்டத்துக் காவல் சாமிக்குப் பொங்கல் வைப்பது எங்கள் வழக்கம். போடியில் தம்பிக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. அப்பாவையும் அத்தையையும் கூட்டிவரச் சித்தப்பா ஜீப்பில் கீழே போனார். அவர்கள் திரும்பும்போது என்னையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அவர் போன ஜீப்புச் சத்தம் அடங்கியதும் சித்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அந்தத் தட்ட எடுத்துட்டு வா, ஆத்தா. மெல்ல" என்றாள்.

அவள் அதை முதல் தடவையாகக் கையில் வாங்கினாள். சாமி படத்தை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினாள். பழைய மல் வேட்டியைக் கிழித்து, பூசணத்தைத் துடைத்து, அதே துணியில் சுற்றினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் பூசணம் பூத்த ஒன்று வேறு எங்கே போகும்? பேட்டரிக் கட்டைகளே அங்கே படுத்து எழுந்துதானே உயிர் பிழைத்தன?

ஸ்டோரில் தீப்போடும் அண்ணன் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், பாதி மலையாளத்தில்தான் பேசுவார். சித்தி விஷயத்தைச் சொன்னதும் பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார்.

"மேல் தட்டுல வெச்சா மதி, அது போதும், சின்னம்மா. தீக்குத் தள்ளி இருக்கும். போன மழைக்கு ஒரு ரேடியோப் பொட்டி ஊமையாப் போச்சு. இவிடதான் வெச்சேன். மறுநா காலையில அதுவா பாடுச்சு!"

ரேடியோவே பாடியிருக்கிறது. பிறகென்ன? உச்சித் தட்டில் பச்சைக் காய்க்குப் பக்கத்தில் சித்தி அதைப் படுக்க வைத்தாள். தீக்குத் தள்ளி என்று மூன்று பேருமே நினைத்தோம். சூடு மேலேதான் போய்த் தேங்கும் என்பது, காய்க்கு எந்தத் தட்டு முந்திக் காய்கிறது என்று தினமும் பார்த்த அந்த அண்ணனுக்குக் கூட அப்போது தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜீப்பு வந்தது. பொங்கல் வைத்து, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு முடிந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டே அத்தை, "எங்கடா அந்தத் தட்டு? அப்படி என்னதான் இருக்குன்னு நானும் ஒருவாட்டி கேக்குறேன்" என்றாள். சித்தி முகத்தில் அப்படியொரு சந்தோஷம் நான் அதுவரை பார்த்ததில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஒஞ்சித்தப்பாகிட்டச் சொல்லு, ஆத்தா. பூசணம் புடிக்காம ஸ்டோர்ல காய வச்சிருக்கேன்னு."

சித்தப்பா எழுந்து ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை.

திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது பொரிப்பதற்கு எண்ணெயில் போட்டு உடனே எடுத்த அப்பளம் மாதிரி இருந்தது. விளிம்பு ஒருபக்கம் மேலேயும் ஒருபக்கம் கீழேயும் சுருண்டு கிடந்தது. ஓரத்தில் கம்பி வலையின் தடம். ஏலக்காய் வாசம் கும்மென்று அடித்தது. சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் பேசியது அத்தைதான்.

"பொசுக்கிட்டாளா? எனக்குத் தெரியும். எந்தப் பொண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்? அதுக்காக ஆம்பளை இல்லாத நேரம் பாத்துத் தீயில வைக்கிறதா? இன்னைக்குத் தட்ட வச்சவ நாளைக்கு எத வப்பாளோ!"

"இல்ல அத்த, பூசணம் போகத்தான் வச்சோம். நானும் கூடப் போனேன்" என்றேன்.

"நீ சும்மா இரு. சொல்லிக் குடுத்ததச் சொல்லுது பாரு, சின்னப் புள்ள."

"இல்ல அத்த, நெசமாத்தான்..."

"உள்ள போ" என்றார் அப்பா.

ஸ்டோர் அண்ணனைக் கேளுங்கள் என்று கத்தினேன். அவர் வாசலில் நின்று வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். குடும்ப விஷயத்தில் வேலையாள் சாட்சி சொல்லக் கூடாதாம். அப்பா கெட்டவர் இல்லை. சீக்கிரம் முடிவெடுக்கிறவர், அவ்வளவுதான். வீட்டில் ஒரு அசிங்கம் வெளியே தெரியும் முன் மூடிவிட வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

"காலையில ஜீப்பு எறங்குறப்ப அந்தப் புள்ளையும் ஏறட்டும். கொஞ்ச நா சிலமலையில இருக்கட்டும்" என்றார்.

கொஞ்ச நாள் என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கல்யாணமான வருஷத்தில், புருஷன் கூட வராமல், பெட்டியோடு பிறந்த வீட்டில் போய் இறங்குகிறவளை யாரும் திரும்பக் கூப்பிட அவசரப்படுவதில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். எப்போதும் அப்பா முன்னால் நிற்கிற மாதிரியே, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுத்தில் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறக்கவில்லை. மழை மட்டும் தகரத்தில் கொட்டியது. சித்தி எல்லாருக்கும் சாப்பாடு போட்டாள். யாரிடமும் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. எனக்கும் வேலை போய்விட்டது.

காலையில் மழை விட்டிருந்தது. டிரைவர் சித்தியின் டிரங்குப் பெட்டியை ஜீப்பின் பின்னால் வைத்துக் கயிறு போட்டார். அத்தை முன்சீட்டில் ஏறிவிட்டாள். அப்பா வாட்சைப் பார்த்தார். சித்தி கூரைப்புடவை கட்டியிருந்தாள். வாசற்படி இறங்கி, ஜீப்பு வரைக்கும் போய், நின்றாள். திரும்பினாள். என்னைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"ஒருவாட்டி வச்சுத்தான் பாருங்களேன். ஓடலன்னா நான் போறேன்."

தபால்காரி இல்லாமல் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சித்தப்பா எழுந்து உள்ளே போனார். பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். தட்டைச் சுற்றவிட்டு ஊசியை விளிம்பில் வைத்தார். ஊசி துள்ளி வெளியே விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார். மறுபடியும் விழுந்தது. "விடுடா, நேரமாகுது" என்றாள் அத்தை. சித்தப்பா கேட்கவில்லை. தட்டின் உட்பக்கம் அவ்வளவாகச் சுருளவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். எங்கள் பாட்டு அந்தப் பக்கத்தில் கடைசிப் பாட்டு. ஊசியை விரலால் பிடித்து, உள்ளே தள்ளி வைத்து, மெல்ல விட்டார்.

ஊசிக் கை ஒரு படகு மாதிரி ஏறி இறங்கியது. கிதார் வந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுரம் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது. பிறகு அவர் பாடினார். அவர் குரலும் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவது போல ஏறி இறங்கியது. அத்தை, "என்னடா இவன், வவுத்து வலிக்காரன் மாதிரி மொனங்குறான்" என்றாள். டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பொரி சத்தம் மட்டும் சுத்தமாகப் போயிருந்தது. பூசணம் நிஜமாகவே காய்ந்துவிட்டது.

இரண்டாவது குரல் வந்து சேரும் இடத்தில் ஊசி தடுக்கிற்று. துள்ளி, பாட்டில் ஒரு துண்டைத் தாண்டி விழப் பார்த்தது. சித்தப்பா சட்டென்று ஊசியைத் தூக்கிவிட்டார். பாட்டு நின்றது.

நிற்கவில்லை. ஜீப்புப் பக்கத்திலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

சித்தி பாடிக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லை, வெறும் ம்ம் என்ற முனகல்தான். கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவது குரல் எங்கே சேருமோ அங்கே சேர்ந்து, எங்கே இழுக்குமோ அங்கே இழுத்து, எல்லாம் நிற்கிற அந்த இடம் வந்ததும் அவளும் நின்றாள். மூச்சு விடுகிற நேரம். பிறகு டிரம்ஸ் வர வேண்டிய இடத்தில் அவள் விரல் ஜீப்பின் தகரத்தில் தட்டியது. அந்தச் சத்தத்தில் அவளே விழித்துக்கொண்டாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா கையில் ஊசியைப் பிடித்தபடியே கேட்டார். "ஒனக்கு எப்பிடித் தெரியும் இது?"

"தெனமும் வச்சீங்கள்ல?" முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்கு மட்டும் காதில்லையா? சட்டியக் கழுவாம நிறுத்திட்டுல்ல நின்னு கேப்பேன். பாட்டு செத்துப்போகும்னுதான் வச்சேன். எனக்கென்ன தெரியும் இப்பிடிச் சுருளும்னு?"

நான் அழுதுவிட்டேன்.

அத்தை அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "அப்ப அந்த மெட்ராசுக்காரி?" என்றாள்.

"எந்த மெட்ராசுக்காரி, அக்கா?"

"இந்தத் தட்டக் குடுத்தவ."

"பிளாட்பாரத்துல பழைய சாமான் விக்கிறவன்கிட்ட வாங்குனது, அக்கா" என்றார் சித்தப்பா. "அவனுக்கு மீசை இருந்துச்சு."

பிறகு அப்பா பக்கம் திரும்பினார். ஊசியை ஓரமாக வைத்தார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "அண்ணே, நீங்க கெளம்புங்க. அவ வரல. இங்கதான் இருப்பா."

அப்பா சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். யாரும் சொல்லும் முன்பே டிரைவர் கயிற்றை அவிழ்த்து டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டார். அது இருந்த இடத்தில் நான் உட்கார்ந்து கீழே வந்தேன். வளைவு வளைவாக இறங்கி, முந்தல் நெருங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. அப்போது அத்தை முன்னால் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் பாடுறா" என்றாள். அத்தை வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரும் என்றால் அது இவ்வளவு நீளம்தான் வரும்.

பின்னால் ஒரு நாள் சித்தப்பாவிடம் அந்தப் பாட்டை ஏன் அப்படிக் கேட்டார் என்று கேட்டேன். ஹாஸ்டலில் முதல் வருஷம் போடியை நினைத்துக்கொண்டு அதைக் கேட்டாராம். மலைக்கு வந்த பிறகு ஹாஸ்டலை நினைத்துக்கொண்டு கேட்டாராம். "அன்னைக்கு அவ ஜீப்புல தட்டுனா பாரு, அதுக்கப்புறம் எதையும் நெனச்சுக்கிட்டுக் கேக்கல. பாட்டா மட்டும் கேட்டேன்" என்றார். பெரியவர்கள் எல்லாரும் அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒருத்தியைத் தேடினார்கள். அடுப்படியில் ஒருத்தி இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவுக்கும் மலைக்குப் போனேன். அந்தச் சுருண்ட தட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. துள்ளும் இடம் வந்தால் சித்தப்பா ஊசியைத் தூக்குவார், சித்தி பாடுவாள், டிரம்ஸ் வரும் இடத்தில் அவர் ஊசியை வைப்பார். இதற்குள் இருவரும் நேராகவே பேசிக்கொள்ளப் பழகியிருந்தார்கள், எனக்கு வேலையில்லை. எண்பதுகளில் மலைக்குக் கரண்டு வந்தது. சித்தப்பா டேப் ரிக்கார்டர் வாங்கி, மதுரையில் ஒரு கடையில் அதே பாட்டை கேசட்டில் பதிந்து கொண்டுவந்தார். அலை இல்லாமல், தடுக்கல் இல்லாமல் ஓடியது. பாதியில் அவரே அணைத்துவிட்டுப் பச்சைப் பெட்டியைத் திறந்தார். பிறகு அதன் பெல்ட் அறுந்தது. வேறு பெல்ட் எங்கும் கிடைக்கவில்லை. தகர வீட்டை இடித்து மாடி வீடு கட்டியபோது பெட்டியும் தட்டும் எங்கே போயின என்று தெரியாது. யாராவது ஒரு பிள்ளை விளையாட எடுத்துப் போயிருக்கும்.

சித்தப்பா இறந்து சில வருஷம் ஆகிறது. சித்தி இப்போது போடியில் இருக்கிறாள். ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். "சின்னப் பாட்டி, அத்தை ஒரு பாட்டு சொன்னாங்க, கேளுங்க" என்று அவன் போனைக் கட்டில் மேல் வைத்தான். அந்தக் காலத்து அழுக்கெல்லாம் எடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறார்களாம். கிதார்க்காரர் விரல் நரம்பில் உரசுவதுகூடக் கேட்டது.

சித்தி கண்ணை மூடிக் கேட்டாள். மடியில் கிடந்த அவள் கை மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது. அந்தப் பாட்டில் இல்லாத அலைக்கு அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தட்டு துள்ளும் இடம் வந்தது. சித்தி வாயைத் திறந்தாள். ஆனால் பாடுகிறவர் நிற்காமல் அந்த இடத்தையும் தானே பாடிக்கொண்டு போய்விட்டார். சித்தி கண்ணைத் திறந்து போனைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு சின்னப் பாட்டி?" என்றான் அவன்.

"நல்லாத்தான் இருக்கு, அப்பு" என்றாள். போனை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஆனா பச்சையா இருக்கு. இன்னும் காயல."

அவனுக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் அவனிடம் போனை அணைக்கச் சொன்னேன். அந்த இடத்திலிருந்து மீதியை நாங்கள் இரண்டு பேரும் பாடினோம்.